ஒரு தட்டு, நிறுத்து

இன்பராஜ் இரண்டு கால்களையும் சேர்த்து பிரேக்கை மிதித்தார்.

நூற்றுப் பத்தில் போய்க்கொண்டிருந்த கார் அலறியது. டயர் கருகும் நாற்றம் உள்ளே புகுந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த வாசு முன்னால் பாய்ந்து, பெல்ட் இழுத்துப் பிடித்ததில் பின்னால் வந்து விழுந்தான். அந்த ரேஸ் டிராக்கிலேயே நீளமான நேர்பாதை அது. அதன் நட்டநடுவில் கார் நின்றுவிட்டது.

பின்னால் ஒரு மஞ்சள் கார் வந்துகொண்டிருந்தது.

கண்ணாடியில் அது பெரிதாகிக்கொண்டே வந்ததை வாசுதான் பார்த்தான். இன்பராஜ் பார்க்கவில்லை. அவர் கண் ஸ்பீடோமீட்டரில் இருந்தது. முள் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டதா என்பது ஒன்றுதான் அந்த நொடியில் அவருக்குத் தேவைப்பட்டது. மஞ்சள் கார் ஒடித்து, இரண்டு சக்கரத்தைப் புல்லில் இறக்கி, ஒரு சாண் இடைவெளியில் கடந்து போனது. அதை ஓட்டியவர் கையை வெளியே நீட்டி இன்பராஜின் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

கொடி மேடையில் சிவப்புக் கொடி ஏறியது. எல்லாக் கார்களும் வேகம் குறைந்து உள்ளே திரும்பின.

வாசு ஹெல்மெட்டைக் கழற்றினான். இருபத்தெட்டு வயது, பெங்களூர் அல்சூர்ப் பையன். டிராக்கில் முதன்முறை ஓட்ட வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுதான் அவன் வேலை.

"என்ன சார் ஆச்சு? எதுக்கு நிறுத்துனீங்க?"

"நீங்கதானே தட்டுனீங்க."

"தட்டுனேன். இண்டர்காம் செத்துப்போச்சு. கத்தினா கேக்காது. சூப்பரா போறீங்க, இன்னும் கொஞ்சம் மிதிங்கன்னு சொல்லத்தான் தட்டுனேன்."

இன்பராஜ் அவன் மணிக்கட்டைப் பார்த்தார். வலது கால் தொடையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

வாசுவின் மணிக்கட்டில் ஓர் எஃகுக் காப்பு. கார் கவிழ்ந்தால் தலை நசுங்காமல் இருக்க உள்ளே சுற்றிலும் இரும்புக் குழாய் வளைத்திருந்தார்கள். காப்பு அந்தக் குழாயில் பட்டு 'டிங்' என்று ஒரே ஒரு சத்தம். நடந்தது அவ்வளவுதான்.

"வாசு சார், ஒரு உதவி. அதோ நளினிம்மா வராங்க. நீங்க தட்டுனதை அவங்ககிட்ட சொல்லாதீங்க."

"ஏன்?"

"அப்பால சொல்றேன்." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லிடாதீங்க."

நளினி வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு ஃபைல். அதற்குள் ஒரே ஒரு காகிதம். அந்தக் காகிதத்தில் வாசுவின் கையெழுத்து விழுந்தால் சாம்பியன் ரீப்ஸ் சுரங்க ஊர் ஆம்புலன்ஸின் சாவி இன்பராஜிடமே இருக்கும். விழாவிட்டால் திங்கட்கிழமை காலை அது இன்னொரு டிரைவர் உதய்யின் கைக்குப் போய்விடும்.

ஆம்புலன்ஸ் சர்க்காருடையது அல்ல. மூடிப்போன தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த பழைய மைன்ஸ்காரர்களின் பிள்ளைகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு சின்ன சங்கத்துடையது. நளினி அதன் செயலாளர். முப்பத்தெட்டு வயது. வாரம் ஆறு நாள் விடியற்கால ரயிலில் பெங்களூர் போய், ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள். ஏழாவது நாளும் சங்கத்துக்குப் போய்விடும்.

இன்பராஜ் ஒன்பது வருடமாக அந்த வண்டியை ஓட்டுகிறார். ஐந்தாவது வார்டு அத்தை முதல் ரயில்வே கேட் வாத்தியார் வரை அவர் வண்டியில் போய்ப் பிழைத்து வந்தவர்கள் உண்டு. ஆனால் ஆகஸ்ட் மாதம் ஒரு மழைச் சாயங்காலம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

அன்று பின்னால் படுத்திருந்தவர் நளினியின் அப்பா காத்தவராயன். சுரங்கத்துக்குள் வேலை பார்த்த காலத்துத் தூசி நுரையீரலில் கல்லாக உறைந்திருந்தது. மூச்சு ஏறவில்லை. பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். பங்காரப்பேட்டை தாண்டி ஏரிக்கரை வளைவில், தொண்ணூறில் போன வண்டியை இன்பராஜ் திடீரென்று பிரேக் அடித்து நிறுத்தப் பார்த்தார். ஈர ரோடு. வண்டி ஒரு சுற்று சுற்றி, பின்சக்கரம் இரண்டும் பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் வேறு வண்டி வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆனது. மூன்றாம் நாள் காத்தவராயன் போய்விட்டார்.

'நாய் குறுக்க வந்துடுச்சு' என்று அந்த இடத்திலேயே, மழையில் நனைந்துகொண்டே, இன்பராஜ் சொன்னார். சங்கக் கூட்டத்திலும் அதையே சொன்னார்.

நாய்க்காக நோயாளியைக் கவிழ்க்கிறவர் கையில் வண்டி எதற்கு என்று கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கப்புறம் எழுபதைத் தாண்டினாலே அவர் கால் நடுங்குவதையும் உதய் பார்த்துச் சொல்லியிருந்தான். முடிவெடுக்க வேண்டியவள் நளினி. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அந்த அம்பது நிமிஷம் இருந்திருந்தா," என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். பாதியில் விட்ட அந்த வாக்கியம்தான் இன்பராஜைத் தூங்கவிடாமல் செய்தது.

அப்போதுதான் இந்த டிராக்காரர்கள், புதியவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைக்கிறோம், ஓரமாக நிற்க ஓர் ஆம்புலன்ஸ் வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டார்கள். வாடகைக்குப் பதிலாக வகுப்பில் ஓர் இடம் கொடுங்கள் என்றாள் நளினி. இப்படித்தான் ஐம்பத்து நான்கு வயது இன்பராஜ், கணினிக் கம்பெனிப் பிள்ளைகள் பதினொரு பேர் நடுவில், தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்டோடு வந்து உட்கார்ந்தார்.

நளினி காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாண்ணா ஆச்சு?"

இன்பராஜ் வாசுவைப் பார்த்தார். வாசு தொண்டையைச் செருமினான்.

"ஒண்ணுமில்ல மேடம். புது வண்டி, பிரேக் கொஞ்சம் ஷார்ப்பு. பழகணும்."

அவளுக்குப் பின்னாலேயே உதய் வந்து சேர்ந்தான். இன்று ஆம்புலன்ஸோடு டிராக் ஓரத்தில் நிற்கிற டிரைவர் அவன்தான்.

"இன்பாண்ணே, இங்கயும் நாய் வந்துச்சா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நளினி சிரிக்கவில்லை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

டிராக்கின் பொறுப்பாளர் வந்து வாசுவிடம் சுருக்கமாகச் சொன்னார். மொத்தம் நான்கு கட்ட வகுப்பு, ஒவ்வொன்றிலும் சில சுற்று; இரண்டு கட்டம் முடிந்தது. இன்னொரு தடவை இந்த மனிதர் நடுப்பாதையில் நிறுத்தினால் வெளியே அனுப்பிவிட வேண்டும்.

மதியம் சித்ரான்னப் பொட்டலம் கொடுத்தார்கள். இன்பராஜ் பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து பிரித்தார். வாசுவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சார், நான் பொய் சொல்லிட்டேன் உங்களுக்காக. விஷயத்தைச் சொல்லுங்க. ஒரு தட்டுக்கு எந்த மனுஷனும் அப்படி நிறுத்த மாட்டான்."

"எங்க ஊர்ல நிறுத்துவான்."

"எந்த ஊரு?"

"மைன்ஸ். நான் வைண்டிங் இன்ஜின் டிரைவர் சார். ஷாஃப்ட்ல கேஜ் தெரியுமா? ஆளுங்களை ஏத்தி கீழ இறக்குறது."

"லிஃப்ட் மாதிரி."

"லிஃப்ட்ல பட்டன் இருக்கும். இதுல நான் இருந்தேன்." இன்பராஜ் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். "நான் மேல இன்ஜின் ரூம்ல. கேஜ் எங்கயோ ரெண்டாயிரம், மூவாயிரம் அடிக்குக் கீழ. கண்ணுக்குத் தெரியாது. எதிர்ல ஒரு டயல், கையில பிரேக், காதுல மணி. அவ்வளவுதான். மூணு மணி அடிச்சா ஆளு ஏறிக்கினு இருக்கான்னு அர்த்தம். ஓடிக்கினு இருக்கும்போது ஒரு மணி அடிச்சா நிறுத்தணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. யோசிச்சா அந்த நேரத்துல ஒருத்தன் கை போயிருக்கும், இல்ல தலை."

வாசு சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான்.

"அதனாலதான் மீட்டரையே பாத்துட்டு ஓட்டுறீங்களா? காலைலேர்ந்து சொல்லிட்டிருக்கேன், ரோட்டைப் பாருங்கன்னு."

"பழக்கம்."

"மைன்ஸ் மூடி இருபத்து நாலு வருஷம் ஆச்சே சார்."

"மூடுறப்ப எனக்கு முப்பது. காதுக்கு யாரும் நோட்டீஸ் குடுக்கல."

வாசு சிரித்துவிட்டான். பிறகு காருக்குள்ளிருக்கும் இரும்புக் குழாய்களைக் காட்டினான். "எங்க பாஷையில இதுக்கும் கேஜ்னுதான் பேரு."

"அதுல கொண்டுபோய் மணி அடிச்சா இன்னா பண்ணுவேன் நான்?"

தூரத்தில் உதய் ஆம்புலன்ஸ் பானட்டின் மேல் சாய்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. உதய் சின்னப் பையன். அவன் ஓட்டட்டுமே. நீங்க ஏன் இவ்ளோ கஷ்டப்படணும்?"

இன்பராஜ் பொட்டலத்தை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"இப்ப மூச்சு விட முடியாம படுத்துக்கினு இருக்கானுங்களே, அவனுங்கல்லாம் யாருன்னு நினைக்கிறீங்க? நான் இறக்கிவிட்டவனுங்க. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அந்தத் தூசிக்குள்ள இறக்கிவிட்டவன் நான். ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூட்டிக்கினு போகணும்."

வாசு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். கறுப்பு டேப் ஒரு சுருள் எடுத்து வந்தான். காருக்குள் தலையை விட்டு, ஸ்பீடோமீட்டரின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினான். முள் மறைந்துபோனது.

"இனிமே டயல் கிடையாது. கண்ணு தூரத்துல. எங்க போகணுமோ அங்க பாருங்க, கை தானா அங்க கொண்டுபோகும்."

"மணி?"

"மணி இருக்கட்டும். இருபத்து நாலு வருஷமா போகாததை நான் ஒரு மத்தியானத்துல எடுத்துட முடியாது. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை சேர்த்துக்கங்க. தட்டு கேட்டதும் முதல்ல கண்ணாடி. பின்னால யார் வராங்கன்னு பாக்கணும். அதுக்கப்புறம் காலு. கேஜுக்குப் பின்னால இன்னொரு கேஜ் வராது சார். ரோட்ல வரும்."

இன்பராஜ் அதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். கண்ணாடி, அப்புறம் கால்.

மூன்றாவது கட்டம் கண்ணைக் கட்டி விட்டதுபோல் தொடங்கியது. டயல் இருந்த இடத்துக்குக் கண் போய்ப் போய் ஏமாந்து திரும்பியது. முதல் வளைவில் சீக்கிரமே திருப்பிவிட்டார். இரண்டாவதில் தாமதம். மூன்றாவது வளைவில் சக்கரம் கூச்சலிட்டது.

"வளைவுக்குள்ள பிரேக் போடாதீங்க. நேரா இருக்கும்போதே முடிச்சுடணும். அதோ ஆரஞ்சுக் கூம்பு, அங்க அழுத்தம். அப்புறம் விடுங்க, மெதுவா. முட்டை மேல கால் வெச்ச மாதிரி."

"உடைஞ்சா?"

"ஆம்லெட் போட்டுக்கலாம், ஓட்டுங்க."

ஐந்தாவது சுற்றில் அது நடந்தது. இன்பராஜ் கூம்பைப் பார்த்தார், அழுத்தினார், விட்டார். கண் வளைவின் உள்முனைக்குப் போனது, அங்கிருந்து வெளிமுனைக்குப் போனது, காரும் கண்ணுக்குப் பின்னாலேயே வந்தது. ஒரு கூச்சல் இல்லை. உடம்பு இருக்கையில் ஆடக்கூட இல்லை. கேஜைச் சுரங்கத் தளத்துக்கு நேராக அங்குலச் சுத்தமாக நிறுத்தும்போது உள்ளங்கையில் வருமே ஓர் அமைதி, அது பல வருடம் கழித்துத் திரும்பி வந்தது.

வாசு காப்பைக் கழற்றித் தன் மடியில் வைத்திருந்தான்.

நான்காவது கட்டத்துக்கு முன்னால் அதை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டான்.

"எப்போன்னு சொல்ல மாட்டேன். தட்டுவேன். நீங்க நடுவுல நிறுத்தினீங்கன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. நிறுத்தலன்னா போடுவேன். பின்னால ஆளை வெச்சுக்கிட்டு விளையாட முடியாது சார், புரிஞ்சுக்கங்க."

"புரியுது."

நளினி தடுப்புச் சுவருக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். இன்பராஜ் ஹெல்மெட் பட்டையை இறுக்கினார்.

முதல் சுற்று. தட்டு வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது. காத்திருப்பது அடிவாங்குவதைவிடக் கொடுமையாக இருந்தது. நான்காவது சுற்றின் கடைசி வளைவிலிருந்து கார் சுத்தமாக வெளியே வந்தது. நேர்பாதை திறந்தது. இன்பராஜ் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தார். என்ன வேகம் என்று தெரியாது. காலையில் போனதைவிட அதிகம் என்று இன்ஜின் சொன்னது.

டிங்.

வலது கால் தாவியது. அதை அவர் தடுக்கவே இல்லை, தடுக்கவும் முடியாது. பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தது. அழுத்துவதற்கு ஒரு மயிரிழை முன்னால் கண் மேலே போனது.

கண்ணாடி நிறைய மஞ்சள்.

அதே கார். அதே ஆள். ஒட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

கால் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு, மெதுவாக, ஆக்ஸிலரேட்டருக்குத் திரும்பியது. காலையில் சொல்லிக்கொடுத்திருந்தபடி இன்பராஜ் ஜன்னல் வழியே வலது கையை நீட்டி, நீ தாண்டிப் போ என்று காட்டினார். மஞ்சள் கார் சீறிக்கொண்டு கடந்தது. அதை ஓட்டியவர் இந்தத் தடவை கையை உயர்த்தி ஒரு சலாம் வைத்தார். ஆரஞ்சுக் கூம்பு வந்தது. அழுத்தம். விடுதல். வளைவு.

வாசு மூச்சை வெளியே விட்டது ஹெல்மெட்டைத் தாண்டிக் கேட்டது.

கார் நின்றதும் அவன் இறங்கிப்போய் நளினியிடம் ஃபைலை வாங்கினான். பானட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டான். கீழே குறிப்பு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினான்: 'இவர் ஓட்டும் வண்டியில் என் வீட்டு ஆளை ஏற்றுவேன்.'

நளினி அதை இரண்டு முறை படித்தாள். உதய்யின் பக்கம் கையை நீட்டினாள். அவன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான்.

"பரவால்ல இன்பாண்ணே. எனக்குத் தூக்கம் மிச்சம்," என்றான். குரலில் ஏமாற்றம் இருந்தது. விஷம் இல்லை.

சாவியை இன்பராஜின் உள்ளங்கையில் வைத்தாள் நளினி. "அப்பா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு," என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. உதய் முன்சீட்டில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். நளினி பின்னால், ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள். டிரைவருக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு சின்ன கண்ணாடிக் கதவு, அதன் மேல் இரும்புக் கம்பி வலை.

மெல்லிய தூறல் பிடித்தது. ஏரிக்கரை வந்தது. வண்டி எழுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தது. கால் நடுங்கவில்லை என்பதை இன்பராஜ் அப்போதுதான் கவனித்தார்.

டிங்.

கண்ணாடியில் ஒரு பால் லாரி. இன்பராஜ் இண்டிகேட்டரைப் போட்டார். காலை எடுத்தார். லாரியைப் போகவிட்டு, வண்டியை ஒரு குலுக்கல் இல்லாமல் ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்தினார். உதய் கண்கூடத் திறக்கவில்லை.

கண்ணாடிக் கதவு நகர்ந்தது.

"இன்னாண்ணா, இங்கயே நிறுத்திட்டீங்க? முன்னால வர டீக்கடையில நிப்பாட்டுங்கன்னு சொல்லத்தான் தட்டினேன்."

"நின்னு கேக்கலாம்னுதாம்மா."

நளினி வெளியே பார்த்தாள். வளைவு, ஈர ரோடு, பள்ளம். முகம் மாறியது.

"இங்கதானேண்ணா அது?"

"ஆமாம்மா."

நளினி கம்பி வலையைப் பிடித்தபடி முன்னால் குனிந்தாள்.

"அன்னிக்கு உங்களைக் கேக்கவே இல்ல. அந்த நாய் இன்னா ஆச்சு? அடிபட்டுச்சா?"

"இல்லம்மா. தப்பிச்சுப் போச்சு."

"அதுவாவது பொழச்சுதே," என்றாள் நளினி. கம்பி வலையைப் பிடித்திருந்த விரலை எடுத்துக்கொண்டு கதவை நகர்த்தி மூடினாள். அந்த விரலில் ஒரு மோதிரம் இருந்தது.

இன்பராஜ் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. வண்டியை ரோட்டில் ஏற்றினார்.

அன்றைக்கு எந்த நாயும் குறுக்கே வரவில்லை. அப்பாவுக்கு மூச்சு நிற்கப் போகிறது, இன்னும் வேகமாகப் போங்கள் என்று சொல்வதற்காக, அந்த மோதிரத்தால் இதே கம்பியில் நளினி ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தாள். தட்டியது இன்று அவளுக்கு நினைவில்லை.